சதுப்புநில இரத்தம்

என் வாயைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. தத்தானாவின் வீட்டில் பாலைத் திரிக்க உறை வேண்டாம், அவள் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்பார்கள். நான் அதை மறுத்ததில்லை. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், நூற்று இருபது ஆட்டுப் பாலை ஒற்றை ஆளாகக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி போடுகிறவள் தேன் ஒழுகவா பேசுவாள்?

அந்தத் தம்பி லுஸோரி, ஊரில் பெண்ணே இல்லாததுபோல, போயும் போயும் பாவுலியில் பெண் எடுத்தான்.

பாவுலி கீழே இருக்கிறது. கடலோரச் சமவெளியில், சதுப்புக்கும் உப்பு ஏரிக்கும் நடுவே. எங்கள் மலையில் பனி விழத் தொடங்கும் முன் ஆண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே இறங்குவார்கள். மே கடைசியில்தான் திரும்புவார்கள். நாற்பத்தாறாம் வருஷம் அக்டோபரில் என் புருஷன் பாக்கிஸ் அப்படித்தான் இறங்கினான். கல்யாணமாகி மூன்று மாதம். விதாலியா என்ற ஒரு பெண்ணின் வீட்டுப் பின்கட்டில் தங்கினான். நான்காவது வாரம் அவனுடைய கம்பளிப் போர்வை மட்டும் மலை ஏறி வந்தது.

சதுப்புக் காய்ச்சல், மலேரியா. போர்வையைக் கொண்டுவந்த கூட்டாளி வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அதே வாரம், அதே வீட்டில், விதாலியாவின் நான்கு பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சலாம். நான்கும் எழுந்துவிட்டனவாம். இவன் ஒருவன்தான் எழவில்லையாம். போர்வையின் மடிப்புக்குள் அந்தக் காய்ச்சலுக்கென்று நான் வாங்கிக் கொடுத்த கொய்னா மாத்திரை டப்பா இருந்தது, எங்கள் பக்கம் புகையிலைக் கடையில்தான் அது விற்கும். காலி. நாற்பது மாத்திரை இருந்த டப்பா.

கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. நான் வாங்கிக் கொடுத்த மருந்தை அந்த விதாலியா தன் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிட்டு, என் புருஷனைச் சாகவிட்டிருக்கிறாள். அன்றைக்கு முடிவு கட்டியதுதான். பதினாறு வருஷம் அந்தப் பக்கம் நான் இறங்கவில்லை. லுஸோரியின் கல்யாணத்தன்று எங்கள் கோயில் வாசலில் விதாலியா என்னைத் தேடி வந்தாள். "தத்தானா, அந்த மருந்து விஷயம்..." என்று ஆரம்பித்தாள். "வாயைத் திறக்காதீங்க. இன்னைக்கு என் தம்பிக்கு நல்ல நாள்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எழுந்துவிட்ட அந்த நான்கு பிள்ளைகளில் மூன்றாவது, போனாரியா. அவள்தான் என் வீட்டுக்கு மருமகளாக வந்தாள்.

ஒல்லி. வெளிறிய முகம். மெதுவாகப் பேசுவாள், மெதுவாக நடப்பாள். நான் எட்டு வார்த்தை சொன்னால் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். "சதுப்புல ஊறின உடம்பு, விறுவிறுன்னு எங்க ஓடும்?" என்று அவள் காதுபடவே சொல்வேன். அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குப் பாதி ஆறுதலாக இருந்திருக்கும். வரமாட்டாள். அடுப்பைக் கிளறிக்கொண்டு நிற்பாள்.

பிப்ரவரியில் மிலியு பிறந்தான். அதை எப்படிச் சொல்வது? பிள்ளை வாசனையே அறியாமல் போன வீடு அது. அவன் என் தோளில் தலை சாய்த்து ஏப்பம் விட்ட அன்று, இவனுக்கு ஒன்று என்றால் நான் இருக்கமாட்டேன் என்று தெரிந்துபோயிற்று. மற்ற வேலையையெல்லாம் போட்டுவிட்டு நாள் முழுக்க அவனைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். "பால் குடிக்க மட்டும் என்கிட்ட குடுங்க மதினி" என்று போனாரியா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் வந்தது. எங்கள் உயரத்தில் ஃபாவா அவரை அப்போதுதான் காய்க்கும். விரலைவிட நீளமான காய். உள்ளே பஞ்சு மெத்தையில் படுத்ததுபோலப் பச்சைக் கொட்டைகள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வருஷத்தின் முதல் கூடை அவரை, வீட்டில் பால் கொடுக்கிறவள் இருந்தால் அவளுக்குத்தான். கொழுப்பில் வதக்கி, புதினா கிள்ளிப் போட்டு, வீட்டை ஆள்கிறவள் தன் கையால் பரிமாற வேண்டும். பால் பெருகும் என்பார்கள். அவளை இந்த வீட்டுக்காரி என்று ஏற்றுக்கொண்டதற்கும் அதுதான் அடையாளம். உள்ளதைச் சொல்கிறேன், அன்று நான் நல்ல மனத்தோடுதான் வதக்கினேன்.

தட்டைப் பார்த்ததும் போனாரியா கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி. எங்க பக்கம் பால் குடுக்கிறவ பச்சை அவரையத் தொடமாட்டா. அது பூத்திருக்கிற வயல் பக்கம்கூட எங்களை விடமாட்டாங்க."

"ஏன், அவரை கடிக்குமா?"

"எங்க சின்னண்ணன் எட்டு வயசுல தின்னுட்டான். கறுப்பா ஒண்ணுக்குப் போச்சு. செத்துப் பிழைச்சான்."

"சதுப்புல வெளஞ்சது அப்படித்தான் இருக்கும். இது மலை அவரை. எங்கம்மா தின்னா, அவங்கம்மா தின்னா, ஊரே திங்குது. யாரு செத்தா?"

"இல்ல மதினி, ஒருவேளை பிள்ளைக்கு..."

"எங்க வீட்டுச் சோறு உனக்கு எறங்காதுன்னா நேராச் சொல்லிடு. சுத்தி வளைக்காத."

சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து தட்டு காலியாகும்வரை பார்த்தேன். மறுநாளும் வைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றேன். அந்த 'பாத்தியா' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை மிலியுவின் துணியை மாற்றப் போன போனாரியா, துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திராட்சை மதுவைக் கொட்டியது போல ஒரு கறை. பிள்ளையின் உதடு வெளுத்திருந்தது. கண்ணின் வெள்ளை, மஞ்சளாக.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணேறுதான். முந்தின நாள் பாதிரியாரின் தங்கை வந்து, "என்ன அழகு, என்ன அழகு" என்று தொடாமல் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். எங்கள் பக்கம் பிள்ளையைப் புகழ்ந்தால் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். நான் கிளாசில் தண்ணீர் எடுத்தேன். கோதுமை மணிகளைச் சிலுவைபோலப் போட்டு மந்திரத்தை முணுமுணுத்தேன். மணிமேல் குமிழி ஏறியது. கண்தான் என்று தண்ணீரைப் பிள்ளைமேல் தெளித்தேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"மதினி, இது கண்ணு இல்ல. இது அவரை," என்றாள் போனாரியா. அவள் குரல் நடுங்கவில்லை.

"அவரையத் தின்னது நீ. அவனா தின்னான்?" என்று பாய்ந்தேன். மந்திரத்துக்கு நடுவில் பேசவைத்துவிட்டாளே என்று கை ஓங்கினேன். மதியம்வரை அப்படியே போயிற்று. மதியத்துக்குப் பிறகு மிலியு அழுவதை நிறுத்தினான். அதன்பிறகுதான் கிளாசைக் கீழே வைத்தேன். பாலாடைக்கட்டி ஏற்றப்போகும் லாரி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. நான் வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். மேல் புல்வெளியில் இருந்த லுஸோரிக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு ஏறினோம்.

மூன்று மணி நேரம் இறக்கம். சமவெளி தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கறுப்பு மையில் டி.டி.டி. என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது. கொசுவுக்கு மருந்து அடித்த கணக்கு. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. பாக்கிஸ் செத்த மறுவருஷம் ஆரம்பித்து, மூன்றே வருஷத்தில் காய்ச்சலை ஒழித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக்கூடாதா, பாவிகளா என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்று திட்ட வாய் வரவில்லை. பிள்ளையின் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

சமவெளி நகரத்து ஆஸ்பத்திரியில் இனெஸ் என்று ஒரு பெண் டாக்டர். முப்பது வயதிருக்கும். துணியையும் பிள்ளையின் கண்ணையும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவரைய யாரு தின்னது?"

ஊரையே வாயால் அடக்குகிறவளுக்கு அன்று ஒரு சொல் வரவில்லை.

"நான்தான் டாக்டரம்மா," என்றாள் போனாரியா. "ஆசையா இருந்துச்சு. மதினி வேணாம்னுதான் சொன்னாங்க."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மறுத்திருக்கலாம், அந்த நொடியில். நான் மறுக்கவில்லை.

"தாய்ப்பால் வழியாப் போயிருக்கு. பாதிக்குமேல இரத்தம் உடைஞ்சு கரைஞ்சுபோச்சு. இப்பவே ஏத்தணும்," என்றார் டாக்டர். போனாரியாவின் விரலில் குத்திப் பார்த்தார்கள், வகை சேரவில்லை. என் விரலில் குத்தினார்கள், சேர்ந்தது. "எம்புட்டு வேணும்னாலும் எடுங்க," என்றேன். "எம்புட்டு வேணுமோ அம்புட்டுத்தான் எடுப்பேன்," என்றார் அவர். கட்டிலில் படுத்துக் குழாயில் என் இரத்தம் போவதைப் பார்த்தேன். அந்தச் சின்னக் காலில் ஊசியைச் செருக நரம்பு தேடித் தேடி அவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். கடவுளே, இவன் பிழைத்தால் போதும், நான் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் லுஸோரி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாகப் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டான். "உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுல நடந்ததுதான? நாக்கைக் கட்டிப்போட முடியலையா உன்னால?" வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள். போனாரியா தலையைக் குனிந்து நின்றாள். நான் வாக்குக் கொடுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் சுவரோரமாக, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ஊமைபோல உட்கார்ந்திருந்தேன். சொன்னால் தம்பி என் முகத்தில் விழிக்கமாட்டான் என்ற பயம். வெட்கக்கேடு.

மறுநாள் காலை மிலியுவின் உதட்டில் நிறம் வந்துவிட்டது. விரலை வைத்தேன், சப்பினான்.

"உங்க இரத்தம் நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டர் இனெஸ். "மலைக்காரங்க யாரும் எனக்கு லேசுல விரல் நீட்டமாட்டாங்க. இன்னும் ஒரு சொட்டு தருவீங்களா? ஊர் ஊரா எடுத்து வச்சிருக்கேன்."

தனியறைக்கு அழைத்துப் போனார். அலமாரி முழுக்க இரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எங்க ஊரே திங்குது டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் ஆகல, தின்ன அவளுக்கே ஒண்ணும் ஆகல. பிள்ளைக்கு மட்டும் ஏன்?"

அவர் நுண்ணோக்கியை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல உங்களோடது."

குனிந்தேன். கொஞ்ச நேரம் என் இமைதான் தெரிந்தது. பிறகு தெளிந்தது. வட்ட வட்டமாக, நடுவில் லேசாக அமுங்கி, எத்தனையோ ஆயிரம். ஒன்றைப் போலவே ஒன்று. என் உடம்புக்குள் இப்படி ஒரு ஜனக்கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

"இது பிள்ளையோடது. நேத்து, உங்க இரத்தம் ஏத்துறதுக்கு முன்னால எடுத்தது."

கூட்டம் பாதியாகியிருந்தது. மிச்சமிருந்தவற்றிலும் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். சிலவற்றை யாரோ கடித்துத் துப்பியது போல இருந்தது.

"பாலைத் திரிக்க எவ்வளவு உறை ஊத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஒரு அண்டாவுக்கு ஒரு கரண்டிகூட வேணாம்."

"அந்த மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளயும் துளியூண்டு ஒரு பொருள் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அணு துருப்பிடிச்சுப் போகாமக் காக்குறது அதோட வேலை. இவனுக்கு அது பிறவியிலேயே கம்மி. சாதாரணமாச் சமாளிச்சுக்கும். அவரையில இருக்கிற சத்து உள்ள போனா மட்டும் தாங்காது, உடைஞ்சிடும். இது தாய் வழியா வர்றது. தாய்க்குப் பாதி நல்லது, பாதி இப்படி. அதனால அவ தப்பிச்சிடுவா. பெரும்பாலும் ஆம்பளைப் பிள்ளைங்கதான் மாட்டும்."

"அப்ப அவ இரத்தம் கெட்ட இரத்தம்தான?" என்றேன். கேட்ட மாத்திரத்தில் எனக்கே அசிங்கமாக இருந்தது.

டாக்டர் கோபிக்கவில்லை. "உங்க வீட்டுல யாராவது சதுப்புக் காய்ச்சல்ல போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். பாக்கிஸைப் பற்றி. ஒரே வீடு, ஒரே வாரம், நான்கு பிள்ளைகள் எழுந்ததை, அவன் எழாததை. மாத்திரை டப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா நான் ஊர் ஊராத் தேடுறது ஒரே வீட்டுக்குள்ள நடந்திருக்கு," என்றார் மெதுவாக. "உங்க ஊர் மாதிரி மலையில நூறு ஆம்பளைங்களைப் பார்த்தா, இந்தக் குறை மூணு பேருக்கோ நாலு பேருக்கோ இருக்கு. கீழ, சதுப்போரமா, நூத்துக்கு முப்பது. மலை ஏற ஏறக் குறையுது. காய்ச்சல் எங்கெல்லாம் கடுமையா இருந்துச்சோ அங்கெல்லாம் கூடுது."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"காய்ச்சல் கிருமி இந்தச் சிவப்பணுவுக்குள்ள புகுந்துதான் குட்டி போடும். உங்க புருஷனோடது திடமான வீடு. கதவைச் சாத்திட்டு உட்கார்ந்து நல்லாப் பெருகியிருக்கும். இவங்களோடது லேசா இடிச்சா விழுற வீடு. கிருமி வளர்றதுக்குள்ள வீடே இடிஞ்சிடும், அதுவும் சேர்ந்து சாகும். காய்ச்சல் வரும், நடுங்குவாங்க, எழுந்துடுவாங்க. எல்லாரும் இல்ல, நிறையப் பேரு. இதுதான் காரணம்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா பார்த்த ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுது."

"இப்படி ஒண்ணை யாரு யோசிச்சு வச்சா?"

"யாரும் வைக்கல. எப்பவோ, யாரோ ஒருத்தருக்குள்ள தவறிப்போய் இப்படி அமைஞ்சது. அமையாதவங்க பிள்ளை பெறுறதுக்கு முன்னால செத்தாங்க. அமைஞ்சவங்க பிழைச்சுப் பிள்ளை பெத்தாங்க. ரெண்டாயிரம், மூவாயிரம் வருஷம். அவ்வளவுதான் நடந்தது."

நான் மறுபடி குனிந்து பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. குறை என்று நான் நினைத்ததுதான் கவசம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி குறைந்ததால், பாவுலி என்ற ஊரே அந்தச் சேற்றில் நின்று பிழைத்திருக்கிறது. கோட்டை கட்டவில்லை, யாரையும் கும்பிட்டுக் கேட்கவில்லை. சாவு மாவைச் சலிப்பதுபோல ஒவ்வொரு வருஷமும் சலித்திருக்கிறது. சல்லடையில் நின்றவர்களின் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளைதான் இந்தப் போனாரியா. நான் மந்தமென்று ஏசிய அந்த மெல்லிய உடம்புக்குள் இவ்வளவு பழைய யுத்தம் நடந்து, ஜெயித்து, ஓய்ந்திருக்கிறது. எங்கள் மலையின் திடமான இரத்தத்தைப் பற்றி நான் அடித்த தம்பட்டம் என்ன, அந்தத் திடம்தான் என் பாக்கிஸைக் கொன்றது என்றால்? ஒருவனைக் கொன்ற அதே திடம்தான் நேற்றுக் குழாய் வழியாகப் போய் இவனை எழுப்பியது. இதில் எது நல்ல இரத்தம், எது கெட்ட இரத்தம்? கோயிலில் மண்டியிட்டபோதுகூட இப்படி ஒரு பயமும் மரியாதையும் எனக்கு வந்ததில்லை.

"இப்பதான் கொசு இல்லையே. இவனுக்கு இதனால என்ன பிரயோசனம்?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அவரை பக்கம் போகக்கூடாது, சில மருந்து கூடாது. எழுதித் தர்றேன். அதை மட்டும் பார்த்துக்கிட்டா உங்களைவிட நல்லா இருப்பான்."

வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி முற்றத்தில், வெயில் விழுந்த கல் பெஞ்சில், விதாலியா உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ்ஸில் பாவுலியிலிருந்து வந்திருக்கிறாள். மடியில் துணியில் சுற்றிய ரொட்டி. என்னைக் கண்டதும் எழுந்து போய்விடப் பார்த்தாள். பதினாறு வருஷமாக நான் பழக்கியது அது.

"உட்காருங்க சம்பந்தியம்மா," என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், இத்தனை வருஷம் யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"அந்த மாத்திரையை யாரு தின்னது?"

விதாலியா ரொட்டி மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவன்தான். அம்புட்டும் அவன்தான். ஆறு நாள் ஊட்டினேன். வாந்தி எடுத்தா மறுபடி ஊட்டினேன். உன் டப்பா தீந்ததும் எங்க வீட்டுல பிள்ளைங்களுக்குன்னு வச்சிருந்ததையும் ஊட்டினேன்."

"உங்க பிள்ளைங்களும் காய்ச்சல்ல கெடந்துச்சுங்களே."

"கெடந்துச்சுங்க. போனாரியா ரொம்ப மோசம். ஆனா எங்க பிள்ளைங்க நடுங்கி நடுங்கி எந்திரிச்சிடும், எப்பவும் அப்படித்தான். ஏன்னு எங்களுக்குத் தெரியாது. மலையில இருந்து வர்ற பயலுகதான் எந்திரிக்க மாட்டானுங்க. அதான் அவனுக்குக் குடுத்தேன்." மூட்டையின் முடிச்சைத் திருகினாள். "பத்தல. கடைசியில நெனவில்லாம உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தான். 'தத்தானா, ஆட்டைப் பட்டியில அடை'ன்னு அதட்டுவான். நான் 'அடைச்சிட்டேன், அடைச்சிட்டேன்'ன்னு சொல்லுவேன். சிரிப்பான். நான்தான் நீன்னு நெனச்சுக்கிட்டான் போல. இதைத்தான் உன்கிட்ட சொல்லணும்னு கோயில்ல வந்தேன்."

ஏன் என்று தெரியாமலேயே தன் பிள்ளைகளின் மருந்தை அடுத்தவள் புருஷனுக்கு ஊட்டியிருக்கிறாள். அவளைத்தான் நான் பதினாறு வருஷம் கொலைகாரி என்று வைத்திருந்தேன். அவள் மகளுக்குத் தினமும் அந்தப் பகையைச் சோற்றோடு பிசைந்து போட்டேன். இனி இன்னொரு நிமிஷம் நான் செய்ததை வயிற்றில் வைத்திருக்க முடியாது.

"அவரையைக் குடுத்தது நான்," என்றேன். "உங்க பொண்ணு பொய் சொல்றா. வேணாம்னுதான் சொன்னா. எங்க வீட்டுச் சோறு எறங்காதான்னு கேட்டு, எதிர்க்க உட்கார்ந்து தின்ன வச்சேன். ரெண்டு நாள். அவ புருஷன் ஊர் பார்க்க அவளைத் திட்டினப்ப வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்பப் போய் அவன்கிட்டயும் சொல்லப்போறேன்."

விதாலியா என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்," என்றாள். "அவ அண்ணன் கெடந்த கெடையை அவ கண்ணால பாத்தவ. அவளா அதைத் தொடமாட்டா. சேதி வந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"செய்யாததுக்கே இத்தனை வருஷம் எனக்குத் தூக்கம் இல்ல, தத்தானா. செஞ்ச உனக்கு எப்படி இருக்கும்? இதுல நான் வேற என்னத்தக் கேக்க?"

அந்த முற்றத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். பாக்கிஸ் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அவள் ரொட்டி மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்தாள்.